சிலிகான் ட்யூபும் குளவிக்கூடும்

அப்பா ஓட்டிய வண்டி. 1994 மாடல், 100 சிசி, நாலு ஸ்ட்ரோக். இரண்டு வருஷம் திண்ணையோரம் சும்மா நின்றதைத் தட்டியெடுத்து ஓட்டிய முதல் வாரத்திலேயே ஆயில் ஒழுக ஆரம்பித்தது. காலையில் எஞ்சினுக்கு அடியில் போட்ட அட்டையில் எட்டணா அகலத்துக்குக் கறுப்பு வட்டம். அதை நிறுத்த சிலிகான் பேஸ்ட், பேப்பர் பேக்கிங், ஆயில் சீல் என்று மூன்றையும் வாங்கிப் போட்டுப் பார்த்தாயிற்று.

முதலில் பேஸ்ட். கிளட்ச் கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டாமல் அதன்மேலேயே தாராளமாகப் பூசி இறுக்கினேன். மூன்று நாள் சொட்டவில்லை, நாலாம் நாள் மறுபடியும் வட்டம். கவரைத் திரும்பத் திறந்தால், உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் புழுப்போலத் தொங்குகிறது. அது அறுந்து ஆயில் வலையில் போய் அடைத்திருந்தால் ஒழுகலே தேவலை என்றாகியிருக்கும். பேஸ்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். பேக்கிங் இல்லாத இணைப்பில், துடைத்த உலோகத்தின்மேல் மெல்லிசாகப் பூசி ஒரு நாள் காயவிட்டால் நன்றாகவே பிடிக்கும். என்னைப் போன்ற அவசரக்காரன் கையில்தான் அதைக் கொடுக்கக் கூடாது.

அப்புறம்தான் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "எங்க ஒழுகுதுன்னு பாத்தியா தம்பி?" என்றார். சொட்டுகிற இடத்தைக் காட்டினேன். சிரித்தார். மேலே கசிகிற ஆயில் காற்றில் பின்னுக்கு ஓடி, கவரின் விளிம்பைப் பிடித்துக் கீழே வந்துதான் சொட்டும். மண்ணெண்ணெயில் எஞ்சினைக் கழுவித் துடைத்து, முகப் பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டி வரச் சொன்னார். வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடு கியர் லீவர் ஷாஃப்டிலிருந்து இறங்கியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. இந்த எஞ்சினின் கேஸ் நெட்டுக்குப் பிளந்தது, இணைப்பின் அடிப்பாகம் எப்போதும் ஆயிலில் முங்கியே கிடக்கும். கசிவு அங்கே என்றால் எஞ்சினை இறக்கி முழுசாகப் பிரிக்க வேண்டும். 1969இல் வந்த ஹோண்டா சிபி750 மாதிரி கேஸைப் படுக்கைவாட்டில் பிளந்திருந்தால் இந்தப் பயமே இல்லை.

சீல் நாற்பது ரூபாய். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அதன் முகத்திலேயே மில்லிமீட்டரில் இருக்கும். பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். கொக்கியால் பழையதை நெம்பி எடுத்தோம். ஷாஃப்டின் பல்வரிசை புது சீலின் உதட்டைக் கிழித்துவிடும் என்று அண்ணன் பால் கவரை வெட்டி ஷாஃப்டில் சுற்றினார். சீலில் துளி ஆயில் தடவி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க வைத்து, அளவான குழாய்த்துண்டால் மெல்லத் தட்டினார். பத்து நிமிஷ வேலை. கிளட்ச் கவருக்குப் புதுப் பேப்பர் பேக்கிங் போட்டோம். அந்த 6 எம்.எம். போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே தாராளம். குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றாக. அலுமினியத்தில் பலம் காட்டினால் மரை கையோடு வந்துவிடும்.

கிளம்பும்போது அண்ணன், கேஸுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் பிரீதர் டியூபை உருவி வாயால் ஊதினார். காற்று போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளேயிருந்து காய்ந்த மண் உதிர்கிறது: குளவிக்கூடு! 6,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் விநாடிக்கு நூறு தடவை கீழே இறங்கி, கேஸுக்குள் இருக்கும் காற்றை அமுக்குகிறது. ரிங் தேய்ந்த வண்டியில் எரிந்த வாயுவும் சேர்ந்துகொள்ளும். அதற்கு வழி இல்லாவிட்டால் எது இளக்கமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சீலை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மாதம் வேறொரு சீல் போயிருக்கும்.

மூன்று சாமானில் என் ஓட்டு சீலுக்கு. பேக்கிங்கும் சோடை இல்லை. மிச்சமிருந்த பேஸ்ட் ட்யூபுக்குள்ளேயே இறுகிவிட்டது. பிரீதர் டியூப் முனையில் இப்போது கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன். இன்று காலை அட்டையில் மறுபடி ஒரு சொட்டு. பதறிப்போய் முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. கார்புரேட்டர்.