மகுட வாசகங்கள்: மொழிபெயர்ப்பின் மூன்று வழிகள்

கண்டியின் கல்வி வரலாறு பாடசாலை இலச்சினைகளிலேயே தெரியும். 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரியும் 1891இல் தொடங்கிய கிங்ஸ்வூட் கல்லூரியும் மகுட வாசகத்துக்கு இலத்தீனை நாடின. 1887இல் எழுந்த தர்மராஜ கல்லூரி பாளியையும், பேராதனைப் பல்கலைக்கழகம் சமஸ்கிருதத்தையும் தேர்ந்தன. இலத்தீனில் வாசகம் பொறிக்கும் வழக்கம் அரசுகளிடமும் உண்டு. அந்த வாசகங்களை ஆங்கிலமாக்கியவர்கள் மூன்று வழிகளில் சென்றிருக்கிறார்கள்.

முதலாவது, சொல்லுக்குச் சொல். 1782இல் ஏற்கப்பட்ட அமெரிக்கப் பெருமுத்திரையில் உள்ள 'எ ப்ளூரிபுஸ் ஊனும்' ஆங்கிலத்தில் 'அவுட் ஆஃப் மெனி, வன்' ஆயிற்று. மூலத்தில் வினைச்சொல் இல்லை, பெயர்ப்பிலும் இல்லை. 'பல' என்றது எவற்றை என்பதும் திறந்தே நிற்கிறது. முதலில் பதின்மூன்று குடியேற்றங்களின் கூட்டைக் குறித்த தொடரைப் பிற்காலத்தார் பல இன மக்களின் ஒருமையாக வாசிக்க முடிந்தது அதனால்தான்.

இரண்டாவது, மூலநூல் வழி. கனடா 1921இல் ஏற்ற 'ஆ மாரி உஸ்குவே ஆத் மாரே' 72ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. ஆங்கில விவிலியத்தில் ஊறிப்போன 'ஃப்ரம் சீ டு சீ' இருக்க, புதிதாக ஒன்றைக் கோக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, இலக்கணத்தை விரித்துக் கூறும் வழி. மொரீஷியஸின் 1906ஆம் ஆண்டுச் சின்னத்தில் 'ஸ்டெல்லா கிளாவிஸ்குவே மாரிஸ் இந்திச்சி' என்றிருக்கிறது. 'குவே' நம் 'உம்' போலச் சொல்லின் கடைசியில் ஒட்டுவது. ஆங்கிலம் அதைத் தனிச்சொல்லாக்க வேண்டும். தமிழோ 'இந்து சமுத்திரத்தின் விண்மீனும் திறவுகோலும்' என்று எளிதில் ஏற்கிறது.

இங்கேதான் நமக்கான பாடம் இருக்கிறது. கிங்ஸ்வூட்டின் 'ஃபீதே எத் விர்தூதே'யில் 'ஆல்' உருபின் பொருள் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'விர்தூஸ்' ஆண்மகனைக் குறிக்கும் 'விர்' என்ற சொல்லிலிருந்து பிறந்து துணிவைச் சுட்டுவது. ஆங்கில 'வெர்ச்சூ'வை நம்பி 'நல்லொழுக்கம்' என்றால் பொருள் வழுவும். 'பற்றுறுதியாலும் துணிவாலும்' என்பதே நேர். திரித்துவத்தின் 'ரெஸ்பிச்சே ஃபீனெம்' இன்னும் அழகு. 'ஃபீனிஸ்' முடிவையும் குறிக்கோளையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கில 'எண்ட்' இரண்டையும் தாங்கும். தமிழ் 'முடிவு' தாங்காது. ஆனால் 'முடிவை நோக்கு' என்றதும், 'நோக்கம்' பிறந்த அந்த வினை குறிக்கோளையும் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

நல்ல பெயர்ப்புக்கு மூன்று அளவுகோல்கள் போதும்: மூலம் எதுவெனத் தெரிய வேண்டும், வேற்றுமை பிழைக்கக் கூடாது, பரிசளிப்பு விழாவில் ஒரு சிறுவன் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைக் கைத்தடியாகக் கொள்ளாமல் இலத்தீனிலிருந்து நேரே தமிழாக்கினால் மூன்றும் கைகூடும். உருபும் இடைச்சொல்லும் உடைய மொழிக்கு அந்த வலிமை இயல்பாகவே உண்டு. மலைநாட்டில் தமிழில் பயிலும் பிள்ளைகள், தம் சட்டைப்பையில் தைத்த வாசகத்தைத் தம் மொழியிலேயே முழுப்பொருளோடு அறிய உரிமையுடையவர்கள். இனி வரும் பாடசாலை மலர்கள் அதற்கு முதற்பக்கத்தில் இடம் தரட்டும்.