பரடேயின் மெழுகுவர்த்தியும் விஞ்ஞான பாடமும்

1860-61ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் இலண்டன் றோயல் நிறுவனத்திலே மைக்கேல் பரடே சிறுவர்க்கு ஆற்றிய ஆறு விரிவுரைகள், வில்லியம் குறூக்ஸ் என்பார் பதிப்பிக்க, 1861இல் நூலாயின. 'ஒரு மெழுகுவர்த்தியின் இரசாயன வரலாறு' என்னும் அந்நூலை, மாணாக்கர் தாமே ஆராய்ந்து கற்கும் முறைக்கு முன்மாதிரி என்று போற்றுவர். அப்புகழ் பாதியே பொருந்தும்.

நூலின் சிறப்பு அதன் வரிசையில் உள்ளது. எரியும் வர்த்தியின் தலையில் உருகிய மெழுகு வழிந்தோடாது கிண்ணத்துள் நிற்பதுபோல் நிற்பது ஏன்? சுடரின் வெப்பத்தால் மேலெழும் காற்றோட்டம் விளிம்பைக் குளிர்விப்பதால் என்கிறார் பரடே. அம்மெழுகு திரியில் ஏறிச் சுடரில் யாதாகின்றது? சுடரின் நடுவே கண்ணாடிக் குழாயை நுழைத்து, அங்குள்ள ஆவியை வெளியே கொணர்ந்து, மறுமுனையிற் கொளுத்திக் காட்டுகிறார். எரிவது ஆவியே என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. பின்னர், சுடரின்மேற் பிடித்த குளிர்ந்த பாத்திரத்தில் நீர்த்துளி, நீரிலிருந்து ஐதரசனும் ஒட்சிசனும், வளி, சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும் காபனீரொட்சைட்டு, ஈற்றில் மனிதனின் சுவாசம். ஒவ்வொரு விடையும் அடுத்த வினாவை ஈனுகின்றது. தலைப்புக்களை வாரங்களுக்குப் பங்கிடுவதே பாடத்திட்டம் என்றெண்ணுவோர் இவற்றைக் கற்றல் நன்று.

ஆயினும் குழாயைப் பிடித்தது பரடேயின் கை. சிறுவர் இருந்து கண்டனர். காரணம் யாது என வினவுமாறு அவர் தூண்டியது மெய். ஆனால், எப்பரிசோதனை செய்வது எனத் துணியும் பொறுப்பு அவர்களிடம் விடப்படவில்லை.

இக்குறையை நிரப்ப முற்பட்டவர் ஹென்றி ஆம்ஸ்ரோங் (1848-1937). மாணாக்கனைக் கண்டுபிடிப்பாளனின் நிலையில் நிறுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. இலவோசியே முதலியோர் பல்லாண்டு உழைத்துக் கண்டதைச் சிறுவன் சில பாடவேளைகளில் மீளக் காண்பது எங்ஙனம் என்பது அதற்கெதிரான தடை. தடை வலியதே. எனினும், எல்லாப் பாடத்தையும் அவ்வழியிலேயே நடத்த முயல்வார்க்கே அது முட்டுக்கட்டையாகும்.

பரடேயின் வரிசையைக் குலையாது, இரண்டோரிடத்தில் அதனைத் திறந்து விடலாம். நீர்த்துளியே அதற்கு ஏற்ற இடம். பனிக்கட்டியும் உப்பும் இட்ட பாத்திரத்தின் அடியிற் சுடரை வைத்தே அவர் நீரைத் திரட்டினார். ஈரக்காற்று மிகுந்த இலங்கையிலோ, அத்தகைய பாத்திரம் சுடரின்றியும் வியர்க்கும். துளி வந்தது சுடரினின்றா, காற்றினின்றா என்று ஒரு மாணவன் கேட்பானாயின், பாடத்தைக் குழப்பினான் என்று அவனை அடக்குவது பெரும் பிழை. அவ்வினாவே விஞ்ஞானம். சுடரில்லா இடத்தில் இரண்டாவது பாத்திரமொன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மாணாக்கரே சொல்லும்வரை ஆசிரியர் காத்திருக்கலாம். ஆனால், அப்பாத்திரமும் அதற்கான பாடவேளையும் முன்கூட்டியே அவரது திட்டத்தில் இருந்தாக வேண்டும். செலவான நேரத்தை ஈடுசெய்ய, அத்துளி நீர்தானா எனப் பொற்றாசியத்தாற் சோதிப்பதை அவர் தாமே செய்துகாட்டி முடிக்கலாம். அது சிறுவர் கையிற் கொடுக்கத்தக்க பொருளுமன்று.