மணி, துளை, புள்ளி: குறிபார்க்கும் மூன்று மரபுகள்

பாகூர் ஏரியில் நீர்க்காகம் முங்கி எழுவதைப் பார்த்து நிற்பவரிடம், இவ்வூர்ப் புறத்தில்தான் 1752 ஆகஸ்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள் என்றால் சட்டென்று நம்பமாட்டார். ஒரு பக்கம் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், மறுபக்கம் துய்ப்ளேயின் உறவினர் கெர்ழான். கெர்ழான் சிறைப்பட்டார். சண்டையை முடித்துவைத்தது துப்பாக்கி முனையில் செருகியிருந்த கத்தி. அக்காலத் துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழப்பானது; குண்டு எங்கே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆங்கிலேயரின் ‘பிரௌன் பெஸ்’ துப்பாக்கியில் கத்தியை மாட்டக் குழல் நுனியில் வைத்த சிறு இரும்புக் கட்டைதான் முன்குறியாகவும் உதவியது. பின்குறி கிடையவே கிடையாது. கூட்டத்தைப் பார்த்து நீட்டிச் சுட்டார்கள். புகை கலைவதற்குள் கத்தியோடு ஓடினார்கள்.

அங்கிருந்து இன்றைய ‘ரெட் டாட்’ வரை குறிபார்க்கும் கலை வந்த வழியைச் சொல்ல, எனக்கு வாகாகக் கிடைப்பது கார்பைன். இங்கே சொல்வது, கைத்துப்பாக்கித் தோட்டாவையே போட்டு, தோளில் ஊன்றிச் சுடும் குட்டைத் துப்பாக்கியை. நம் கொம்யூன்களுக்கு இது இரண்டு வழியில் தெரியவந்தது. ஒன்று சொல்தா வழி. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன புதுச்சேரித் தமிழர் காலத்தில், அந்தப் படையின் கையில் இருந்தது 9 மி.மீ. ‘மாட்-49’. தோட்டாப் பெட்டியை அதன் கூட்டோடு முன்பக்கம் மடக்கிக்கொள்ளலாம். இன்னொன்று போலீஸ் வழி. பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கைப் பின்பற்றிக் கான்பூர் ஆலையில் செய்த 9 மி.மீ. ‘1ஏ1’ கார்பைன், பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர் தோளில் பல காலம் தொங்கியது. இரண்டும் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள். தோட்டா ஒன்றே, நம்பியதும் கண்ணாடி இல்லாத வெறும் இரும்புக் குறியைத்தான்.

முதல் மரபு மணி. பயிர்க்காவலுக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியிலும் இரட்டைக்குழலிலும் குழல் நுனியில் ஒரு மணிதான் இருக்கும். பின்குறியின் வேலையைக் கன்னம் செய்யும். கட்டையில் கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிந்தால் குறி சரி. நழுவினால் குறியும் நழுவும். இதன் மேம்பட்ட வடிவம் பின்னே பள்ளமும் முன்னே மணியும் சேர்ந்த ‘ஓபன் சைட்’.

என்.சி.சி.யில் ·22 ரைபிளோடு விரிப்பில் குப்புறப் படுத்தவர்களுக்கு அந்த முதல் பாடம் மறக்காது. பேக்சைட், ஃபோர்சைட், டார்கெட் என்று மூன்று பொருள் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். ‘ஃபோர்சைட் டிப்’ ஊசிமுனையாய்த் தெரியட்டும், டார்கெட் மங்கினால் மங்கட்டும் என்பார் பயிற்சியாளர். கறுப்பு வட்டத்தை முறைத்துப் பார்த்த என் தாளில் ஐந்து துளையும் ஐந்து மூலையில் கிடந்தன. முனையைப் பார்த்துச் சுட்ட பையனின் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின.

கார்பைனில் இந்தச் சிக்கல் கூடும். குழல் குட்டை, ஆகவே முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளியும் குறைவு. இடைவெளி 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன்குறி 1 மி.மீ. விலகியதும் 50 மீட்டரில் குண்டு 12·5 செ.மீ. தள்ளிப் போய்விடும்.

இரண்டாம் மரபு துளை. பின்குறியில் பள்ளத்துக்குப் பதிலாக ஒரு சிறு துளை. அதன் வழியே பார்க்கும் கண், யாரும் சொல்லாமலே அதன் நடுவைத் தேடிக்கொள்ளும். ஊசித்துளை வழியே பார்த்தால் மங்கல் எழுத்து தெளிவாவது போல, அண்மையும் தொலைவும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். ஸ்டெர்லிங்கின் பின்குறி இந்த வகைதான்: புரட்டிக்கொள்ளும் இரு துளைகள், ஒன்று 100 கஜத்துக்கு, மற்றது 200 கஜத்துக்கு.

இந்த மரபின் உச்சம் 10 மீட்டர் ஏர் ரைபிள். பின்னே துளை, முன்னே ஒரு வளையம், அப்பால் கறுப்பு வட்டம். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று மையமாக அமர வேண்டும். பத்து என்னும் புள்ளியின் விட்டம் 0·5 மி.மீ.தான். அந்தப் புள்ளியைச் சுடும் ரைபிளில் எந்த வில்லையும் பொருத்தக்கூடாது என்பது சர்வதேச விதி; பார்வைக்குறை உள்ளவர் கண்ணாடியைத் தம் முகத்தில் போட்டுக்கொள்ளலாம். தென்பெண்ணையைத் தாண்டினால் வரும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக்கோப்பைத் தங்கத்தை வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் இந்த வெறுந்துளை வழியேதான்.

மூன்றாம் மரபு புள்ளி. குழாய்க்குள் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, பூச்சிட்ட வளைந்த கண்ணாடி அதன் ஒளியை இணைகதிராக்கிக் கண்ணுக்குத் திருப்புகிறது. அதனால் சிவப்புப் புள்ளி இலக்கின் மேலேயே ஒட்டியிருப்பது போலத் தெரியும். மூன்று பொருளை ஒரு கோட்டில் நிறுத்தும் பாடு ஒழிந்தது. இரு கண்ணையும் திறந்தபடி இலக்கைப் பார்த்தால் போதும். 1970-இல் வியட்நாமின் சோன் டே சிறைமுகாம் மீது பாய்ந்த அமெரிக்கர்களிடம் இருந்த ‘சிங்கிள்பாயின்ட்’ கருவி வழியே வெளிப்புறம் தெரியாது. ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மறு கண் இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் சேர்க்கும். 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட், ஊடே பார்க்கக்கூடிய மின்புள்ளியைக் கொண்டுவந்தது. கார்பைனுக்கென்றே தனிப் பிரிவு வைத்துள்ள வெளிநாட்டு விரைவுச் சுடுதல் போட்டிகளில் இன்று அதிகம் தென்படுவது இந்தப் புள்ளிதான்.

இனிக் குறிக்கருவியின் தரம் பார்க்கும் முறை. கடைக்காரர் முதலில் சொல்வது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதை. கார்பைனுக்கு அது கடைசிக் கேள்வி. 9 மி.மீ. குண்டு 100 மீட்டரைத் தாண்டியதும் வேகமாக இறங்கத் தொடங்கும்; அதற்கு அப்பால் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டி என்ன பயன்? 1 முதல் 6 மடங்கு வரை காட்டும் தொலைநோக்கி, குட்டைத் துப்பாக்கிக்கு நெட்டைச் சுமை.

அடுத்தது புள்ளியின் அளவு. இதை ‘எம்.ஓ.ஏ.’ என்ற கோண அலகில் சொல்வார்கள். 1 எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் சுமார் 2·9 செ.மீ. 2 எம்.ஓ.ஏ. புள்ளி 50 மீட்டரில் 2·9 செ.மீ. இடத்தை மறைக்கும்; 6 எம்.ஓ.ஏ. புள்ளி 8·7 செ.மீ. இடத்தை மறைக்கும். பெரிய புள்ளி சட்டென்று கண்ணில் படும், சிறிய புள்ளி நுணுக்கம் தரும். பொருத்தும் உயரத்தையும் மறக்கக்கூடாது. குழலுக்கு 6 செ.மீ. மேலே கருவி இருந்து, 25 மீட்டருக்குச் சரிசெய்திருந்தால், 5 மீட்டரில் குண்டு புள்ளிக்குக் கீழே ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளி விழும். அண்மை இலக்கில் புதியவர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். எளிய வகைக் கார்பைனில் கனத்த போல்ட் முன்னும் பின்னும் மோதும் என்பதால், மலிவான கருவியின் திருகு சீக்கிரம் கழன்றுவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது கண். ‘அஸ்டிக்மாட்டிசம்’ உள்ளவருக்கு வட்டப் புள்ளி வால்நட்சத்திரம் போலவோ, சிதறிய திராட்சைக் குலை போலவோ தெரியும்; கருவியைப் பழித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். செல்போன் கேமராவை வைத்துப் புள்ளியைப் படமெடுத்தால் குட்டு வெளிப்படும். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் கோளாறு கண்ணில். அவர் போகவேண்டிய இடம் தவளக்குப்பம் கண் மருத்துவமனை. அப்படிப்பட்டவருக்கு, கண்ணாடியிலேயே குறி செதுக்கிய ‘பிரிசம்’ வகை ஒத்துவரும். பேட்டரி தீர்ந்தாலும் குறி மறையாது. ஆனால் கண்ணை அதற்கு நேராக, குறித்த தூரத்தில் வைத்தாக வேண்டும்.

9 மி.மீ. கார்பைன் நம் நாட்டில் பொதுமக்கள் உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளன்று. படைக்கும் காவலுக்கும் உரியது. வில்லியனூர், பாகூர்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவு 4·5 மி.மீ. ஏர் ரைபிள். குழல்முனை ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாதவரை 2016 ஆயுத விதிகளின்படி அதற்கு உரிமம் தேவையில்லை. உள்நாட்டுப் போட்டிகளில் ‘ஓபன் சைட்’டுக்கும் தனிப் பிரிவு உண்டு. மணியில் தொடங்கித் துளைக்குப் போகலாம். அந்த இரண்டும் கைவந்தவருக்குப் புள்ளி ஒரு நாள் வேலை.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வில்லியனூர்த் தேரடியில் நின்று இரு கையையும் நீட்டுங்கள். பெருவிரல்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே திருக்காமீசுவரர் கோயில் கோபுரக் கலசம் ஒன்றைப் பாருங்கள். இடக்கண்ணை மூடுங்கள். கலசம் அங்கேயே இருந்தால் உங்களுக்கு வலக்கண் ஓங்கியது. விரலுக்குப் பின்னே ஓடிவிட்டால் இடக்கண். துப்பாக்கியை எந்தத் தோளில் வைப்பது என்பதை அந்தக் கலசத்திடம் கேட்டுவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.