யாருடைய இனிஷியல்?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் பலருக்கும் அப்படி ஒன்று கிடையாது. இனிஷியலை விரித்து எழுதுங்க என்றார்கள், எழுதினேன். முதல் தடவை வெளிநாடு போனபோது விமான நிலைய கவுன்ட்டரில் இருந்த பெண் என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் திரும்பினேன். நான் ஏழாவது படிக்கும்போது வீட்டைவிட்டுப் போன மனுஷர் அவர். வீட்டில் அவர் பேச்சே எடுப்பதில்லை. ஆனால் என் பெயருக்கு முன்னால் 'க' என்று ஒரு எழுத்தாக இத்தனை வருஷமும் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார்.

அந்தப் பயணத்துக்கு அப்புறம் காஃப்காவின் 'விசாரணை'யை இரண்டாம் முறை படித்தேன். முதல் வாசிப்பில் யோசெஃப் கே. என்ற பெயர் எனக்கு ஒரு ஸ்டைலாகத்தான் தெரிந்தது. இந்தத் தடவை அந்தக் கே.யைத் தாண்டிப் போக முடியவில்லை.

இந்த ஒரு எழுத்தை விரித்துப் பார்க்காத விமர்சகர்கள் குறைவு. காஃப்கா என்பதன் முதலெழுத்து என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. காஃப்காவே இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர்தான். 'தீர்ப்பு' கதையின் நாயகன் பெயரில் தன் பெயரின் எழுத்து எண்ணிக்கை எப்படி ஒளிந்திருக்கிறது என்று 1913இல் நாட்குறிப்பில் கணக்குப் போட்டிருக்கிறார். அடுத்த வருஷம் மே மாதம், கே என்ற எழுத்தே தனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் அதை எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், என் குணத்தோடு ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பு. அதற்கு மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், 'விசாரணை'யை எழுத ஆரம்பிக்கிறார். பிடிக்காத எழுத்தை நாயகன் தலையில் கட்டிவிட்டார்!

அன்றைய பிராக் நகரத்தில் இந்த எழுத்து அரசாங்கத்தின் எழுத்தும்கூட. ஆஸ்திரிய அரசு அலுவலகங்களின் பெயருக்கு முன்னால் இரண்டு கே இருக்கும், பேரரசுக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று. ராபர்ட் மூசில் இதைக் கிண்டல் செய்துதான் தன் நாவலில் அந்த நாட்டுக்கே 'ககானியா' என்று பெயர் வைத்தார். இன்னொன்று, செக் மொழியில் 'காவ்கா' என்றால் காக்கை இனத்துச் சின்னப் பறவை. காஃப்காவின் அப்பா தன் கடைக்கு அதைத்தான் சின்னமாக வைத்திருந்தார். ஜெர்மனில் இந்த எழுத்தை 'கே' என்று சொல்வதில்லை, 'கா' என்றுதான் சொல்வார்கள். யோசெஃப் கா. தமிழ்க் காதுக்கு அப்படியே காக்கா கத்துகிற மாதிரி இருக்கும். இது வெறும் தற்செயல், இதில் தத்துவம் தேட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலான விளக்கம் இத்தாலியத் தத்துவவாதி அகம்பென் எழுதியது. பண்டைய ரோமில் பொய்க்குற்றம் சாட்டுகிறவனின் நெற்றியில் இந்த எழுத்தைச் சூடு போடுவார்களாம். அவதூறு செய்பவன் என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. நாவல் ஆரம்பிப்பதே யாரோ யோசெஃப் கே. மீது அவதூறு சொல்லியிருக்க வேண்டும் என்றுதான். அந்த யாரோ கே.தான், அவன் தன் மீதே பொய்க்குற்றம் சாட்டிக்கொள்கிறான் என்கிறார் அகம்பென். 'கோட்டை' நாவலின் கே. ஒரு நில அளவையாளன் என்பதால் அங்கே வேறு விரிவாக்கம். ரோமானியர்கள் நிலம் அளக்கும்போது இழுக்கிற 'கார்டோ' என்ற அச்சுக்கோட்டின் எழுத்து.

படிக்கும்போது சிலிர்த்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு சந்தேகம் வந்துவிட்டது. இந்த விளக்கங்கள் எல்லாமே எழுத்தை ஒரு பூட்டாக எடுத்துக்கொண்டு சாவி தேடுகின்றன. நாவலுக்குள்ளே யாருக்கும் அந்தத் தேவை வரவில்லையே! வீட்டுக்காரம்மா குருபாக், பக்கத்து அறை புர்ஸ்ட்னர், வக்கீல் ஹுல்ட், வியாபாரி பிளாக் எல்லோருக்கும் பெயர் முழுசாக இருக்கிறது. அவர்களுக்கு நடுவில் ஒருத்தன் ஒற்றை எழுத்தோடு நடமாடுகிறான். உன் பெயர் என்ன இப்படிப் பாதியில் நிற்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை.

நமக்கும் அது விசித்திரமாகத் தெரியாது. சாதிப்பெயரை வெட்டிய பிறகு நம்மிடம் மிஞ்சியது இந்த எழுத்துதான். வெட்டியது சரி. மிஞ்சிய எழுத்து யாருடையது? நமக்குப் பெயருக்கு முன்னால் நிற்பது கே.க்குப் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கே நின்றாலும் அப்பாவிடமிருந்து வந்தது, சொல்லாமல் சுருக்கி வைக்கப்பட்டது.

இதைக் காஃப்காவின் வாழ்க்கையோடு முடிச்சுப் போடுவது சுலபம். 1919இல் அப்பாவுக்கு எழுதிப் போய்ச் சேராத அந்த நீண்ட கடிதத்தை எடுத்துவைத்தால் போதும், நிறையப் பேர் செய்துவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நாவலில் வருகிற சித்தப்பா. யோசெஃப்புக்கு முன்பு காப்பாளராக இருந்தவர் அவர் என்று காஃப்கா போகிறபோக்கில் சொல்கிறார். அப்படியென்றால் அப்பா இல்லை. வழக்கு விஷயம் கேள்விப்பட்டு ஊரிலிருந்து அடித்துப்பிடித்து வருகிற அந்த மனிதர், நம் சொந்தபந்தத்தை நினைத்துப் பார், நம் நல்ல பெயரை நினைத்துப் பார் என்று புலம்புகிறார். எந்தப் பெயர்? நமக்குத் தெரிந்தது ஒரே எழுத்து. குடும்ப மானத்துக்காக இவ்வளவு பதறுகிற அத்தியாயத்தில்கூட அந்தப் பெயர் வெளியே வருவதில்லை. இதைப் படித்து நான் சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை.

'கோட்டை'யில் இது இன்னும் அப்பட்டமாக நடக்கிறது. 1922இல் அதை 'நான்' என்றுதான் எழுதத் தொடங்கினார். இடையில் மனதை மாற்றிக்கொண்டு, முன்னே போய் 'நான்'களை அடித்துவிட்டுக் கே. என்று எழுதினார். ஜெர்மன் இறந்தகால வினையில் வந்தேனுக்கும் வந்தானுக்கும் வடிவம் ஒன்றே. எழுவாயை அடித்தால் போதும், வினை அப்படியே நிற்கும். தமிழில் அது நடக்காது. வந்தேன் என்பது வந்தான் ஆக வேண்டும், இல்லை வந்தார் ஆக வேண்டும். மரியாதை கொடுப்பதா வேண்டாமா என்று மொழிபெயர்ப்பாளர் முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். வங்கியில் பெரிய அதிகாரி யோசெஃப் கே., அவரை 'அவன்' என்று எழுதும்போதே நாம் நீதிமன்றத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிடுகிறோம் என்று தோன்றும். நானும் மேலே 'அவன்' என்றுதான் எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்தைப் போட்டு யோசெஃப் க. என்று எழுதலாமென்றால், நம் பழைய எண்களில் ஒன்றுக்கான குறியும் அதுதான். யோசெஃப் முதலாமவர் என்று ராஜா பெயர் மாதிரி ஆகிவிடும்.

கடைசிக்கு முந்தைய அத்தியாயம், தேவாலயம். ஆள் இல்லாத இருட்டில் பாதிரியார் உரக்க 'யோசெஃப் கே.!' என்று கூப்பிடுகிறார். கே. அப்படியே நிற்கிறான். வெளியே போகச் சின்ன மரக்கதவுகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. சரியாகக் காதில் விழவில்லை என்று காட்டிக்கொண்டு நழுவிவிடலாம். திரும்பினால் மாட்டிக்கொண்டான், கூப்பிட்டது தன்னைத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இதையெல்லாம் யோசிக்கிறான். பாதிரியார் இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் போயே இருப்பான். அவர் கூப்பிடவில்லை. எங்கும் ஒரே அமைதி. அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் திருப்புகிறான், அவ்வளவுதான்.

அந்தக் கவுன்ட்டரில் மூன்றாவது தடவை நான் திரும்பியதும் எனக்காக இல்லை. அந்தப் பெயருக்கு யாராவது எழுந்து வருகிறார்களா என்று பார்த்தேன்.