கற்கும் உரிமையும் கற்கும் பொழுதும்

இளமையில் கற்ற ஒரே தொழிலைக் கொண்டு ஆயுள் முழுவதும் ஜீவனம் நடத்திவிடலாம் என்ற பழைய நம்பிக்கை இனிச் செல்லாது என்று மேடைதோறும் பேசப்படுகிறதே ஒழிய, அந்தப் பேச்சுக்குத் தக்கபடி கஜானாவைத் திறந்த சர்க்கார்கள் அதிகம் இல்லை. சிங்கப்பூர் திறந்தது. தர்மன் சண்முகரத்னம் துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த காலத்தில், 2015இல், 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' என்னும் இயக்கம் தோன்றியது. அதன் பயனாக 2016 ஜனவரி முதல் 25 வயது நிரம்பிய ஒவ்வொரு பிரஜையின் பெயரிலும் பயிற்சிக்கென்று 500 வெள்ளி வைக்கப்பட்டது.

இத்திட்டத்தின் தலையாய சிறப்பு தொகையின் அளவில் இல்லை. அது யார் பெயரில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. தொழிலாளிக்கு எதைக் கற்பிப்பது, கற்பிப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் முதலாளியே நிச்சயித்து வந்த உலகில், மேலதிகாரியின் தயவை எதிர்பாராமல், தனக்கு வேண்டிய வித்தையைத் தானே தேர்ந்து பயிலும் உரிமையை ஒரு சாதாரண குமாஸ்தாவுக்கும் தாதிக்கும் கிடங்கு ஊழியருக்கும் அளித்தது சிறிய காரியமன்று. 2024 மே மாதம் முதல் 40 வயது நிரம்பியோருக்கு மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டதும், அந்தத் தொகை வேலைக்குப் பயன்படும் பயிற்சிகளுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டதும் விவேகமான செயல்கள். நடுவயதில் தொழில் இழப்பவனுடைய மனக்கலக்கத்தை அறிந்தவர்களே இவ்வாறு சிந்தித்திருக்க முடியும்.

குறைகளைச் சொல்ல வந்தவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது 2017இல் வெளிப்பட்ட மோசடியை. போலி ஆவணங்களைக் காட்டி ஒரு கும்பல் ஏறத்தாழ 4 கோடி வெள்ளியைப் பயிற்சி மானியமாகக் கறந்துவிட்டது உண்மைதான். ஆனால் அது காவலின் குறை. பின்னர் காவல் பலப்படுத்தப்பட்டது. என் மனத்தை உறுத்துவது வேறு.

சுழல் முறையில் வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயதுக் கிடங்கு ஊழியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய வயதான தாயார். அவர் கணக்கில் பணம் இருக்கிறது. வகுப்பில் உட்காரப் பொழுது இல்லை. இந்தச் சங்கடத்தை ஆட்சியாளர்களும் உணராமல் இல்லை. வேலையை விட்டு முழுநேரமாகப் பயிலும் நடுவயதினருக்குப் பழைய வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாமல், ஆயுளில் 24 மாதங்கள் வரை அளிக்கும் ஏற்பாடு 2025இல் வந்தது. மெச்சத்தக்க உபகாரம்தான். எனினும் வேலையை விடத் துணிபவர் எத்தனை பேர்? விடாமல் கற்க நினைப்பவருக்கு வாரத்தில் சில மணி நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர் முதலாளி; அந்த இடத்தில் மட்டும் திட்டம் வற்புறுத்துவதை விட்டு வேண்டுகோளில் நின்றுவிடுகிறது.

நேரம் கிடைத்துக் கற்றுவிட்டார் என்றே கொள்வோம். சான்றிதழோடு திரும்புகிறவரை அதே மேசையில் அமர்த்தி, அதே பதிவேட்டை அதே முறையில் எழுதச் சொன்னால், கற்ற வித்தை சில மாதங்களில் கையை விட்டுப் போய்விடும். வேலைத்தலமே பாடசாலையாக வேண்டும் என்ற கருத்தோடு 2018இல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒரு தேசிய நிலையம் நிறுவப்பட்டதை, இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் வெகு சரியான அடிவைப்பாக நான் கருதுகிறேன். ஆளை வெளியே அனுப்பிப் புதுப்பித்து வாங்குவதைக் காட்டிலும், வேலை நடக்கும் விதத்தை உள்ளே மாற்றிக்கொள்வது கடினம். அதற்கு மேற்பார்வையாளரே முதல் மாணவராக வேண்டியிருக்கிறது. பேரும் பணமும் பெரும்பாலும் தனிநபர்க் கணக்குக்கே போய்ச் சேர, இந்தக் கடினமான பகுதி பின்தங்கி நிற்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டடத் தொழிலுக்குச் செல்லும் இளைஞர்கள் புறப்படுமுன் 'ஸ்கில் அடிப்பது' என்று சொல்லும் ஒரு சடங்கு உண்டு. பயிற்சி நிலையத்தில் தங்கி, மரப்பலகையில் குழாய் பொருத்தி, ஒயர் இழுத்து, விளக்கெரிய இணைப்புக் கொடுத்துப் பழகி, குறித்த நேரத்துக்குள் பரீட்சை கொடுத்துத் தேற வேண்டும். செலவு பெரும்பாலும் வீட்டு நகையிலிருந்தோ வட்டிக் கடனிலிருந்தோ வருகிறது. அங்கே போன பிறகு, சிங்கப்பூரின் தொழில்திறன் மேம்பாட்டுத் தீர்வைச் சட்டப்படி, முதலாளி அந்த இளைஞனுடைய சம்பளத்தின் மீதும் 0.25 சதவீதம் தீர்வை செலுத்துகிறார். மாதம் 2 வெள்ளிக்குக் குறையாமலும் 11.25 வெள்ளிக்கு மேற்படாமலும் அது பயிற்சி நிதிக்குப் போகிறது. ஆயினும் பிரஜைகளுக்கென்று வகுத்த கணக்கு அவனுக்கு இல்லை. குடியுரிமைக்கு உரிய சலுகைகளை எல்லாருக்கும் சமமாக்குவது எந்தத் தேசத்துக்கும் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது அதையன்று. அவனுடைய உழைப்பின் பேரில் வசூலாகும் தீர்வையில் ஒரு பங்கை, அவன் ஓய்வு நாளில், அவன் தங்கும் விடுதியிலேயே, அவனுடைய பாஷையில், அடுத்த யந்திரத்தை அவனுக்குக் கற்றுக்கொடுக்கச் செலவிடலாம் என்பதே. விடுதிகள் இருக்கின்றன, ஆசிரியர்கள் கிடைப்பார்கள், தீர்வையும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது.