முதலில் எஸ்எம்பிஎஸ்

கேமிங்குக்கும் ஃபோட்டோ எடிட்டிங்குக்கும் சேர்த்து ஒரே பிசி போட வேண்டும் என்று யாராவது பார்ட்ஸ் பட்டியலை நீட்டினால் நான் அதைக் கீழேயிருந்து படிப்பேன். மேலே கிராஃபிக்ஸ் கார்டு முழு விலாசத்தோடு இருக்கும்: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, எந்த கம்பெனி, எத்தனை ஃபேன், வெள்ளையா கறுப்பா. பிராசசர், மதர்போர்டு, ரேம் எல்லாவற்றுக்கும் மாடல் எண் உண்டு. கடைசி வரியில் ‘850 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும். யார் செய்தது, எந்த சீரிஸ், எத்தனை வருட வாரண்டி, ஒன்றும் இருக்காது. மற்ற அத்தனைக்கும் மின்சாரம் ஊட்டப்போகிற பெட்டி பட்டியலில் அநாதையாகக் கிடக்கும்.

கச்சேரிக்கு யாரும் தம்புராவைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அதன் சுருதி கொஞ்சம் நழுவினாலும் மேடையில் இருக்கிற அத்தனை பேரும் தடுமாறிப்போவார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வேலையும் அந்த ரகம்தான். சுமை ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட் 12 வோல்ட்டாகவே நிற்க வேண்டும். அந்த நிலைதான் என்னுடைய ரசனை.

மற்ற பார்ட்ஸ் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேம் மட்டும்தான் என்றால் ரைசன் 7 9800எக்ஸ்3டி போதும். கல்யாண ஆல்பங்களை லைட்ரூமில் எக்ஸ்போர்ட் போடுகிறவருக்கு 16 கோர் கொண்ட 9950எக்ஸ்3டி. ரேம் 64 ஜிபி, அதுவும் இரண்டே ஸ்டிக்காக. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஏஎம்5 போர்டுகள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. விளையாட்டுகளுக்கு ஒரு என்விஎம்இ, ரா ஃபைல்களுக்கும் கேட்டலாகுக்கும் இன்னொன்று. மானிட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள், அதை கேலிப்ரேட் செய்யாமல் ஒரு படத்தைக்கூட லேபுக்கு அனுப்பாதீர்கள். இதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை மாறும். நல்ல எஸ்எம்பிஎஸ் அப்படி மாறாது. சீசானிக் கம்பெனி தன் ப்ரைம் சீரிஸ் எஸ்எம்பிஎஸ்களுக்கு 12 வருட வாரண்டி தருகிறது. அதற்குள் ஒருவர் மூன்று கிராஃபிக்ஸ் கார்டாவது மாற்றியிருப்பார்.

இந்த இரட்டை வேலைக்கான பிசிதான் எஸ்எம்பிஎஸ்ஸை உண்மையில் சோதிக்கிறது. கேம் ஓடும்போது கார்டின் மின்தேவை ஒரே அளவில் இருப்பதில்லை. திரையில் ஒரு வெடிப்பு வந்தால் மைக்ரோசெகண்டுகளில் எகிறி விழும். 3080, 3090 கார்டுகள் வந்த காலத்தில், வாட் கணக்குப்படி தாராளமாகப் போதுமான எஸ்எம்பிஎஸ்களே இந்த எகிறலைத் தாங்காமல் படக்கென்று அணைந்தன. அதன் பிறகுதான், 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, அறிவித்த வாட்டைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்கியாக வேண்டும் என்று எழுதியது. ஃபோட்டோ வேலையின் சோதனை வேறு மாதிரி. 45 மெகாபிக்சல் ரா ஃபைல்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஏஐ டீனாய்ஸ் கொடுக்க வேண்டும் என்றால் கார்டு மணிக்கணக்கில் மூச்சு விடாமல் ஓடும். பின்னாலேயே எக்ஸ்போர்ட்டில் பிராசசர் கொதிக்கும். கார்டுக்கு 300 வாட், 170 வாட் என்று அட்டையில் போட்டிருக்கும் பிராசசருக்கு உச்சத்தில் 230 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு ஒரு 70 வாட். அறுநூறு வருகிறது. 850 வாட் என்பது சரியான தேர்வு. 1200 வாங்கி வைத்தால் பின்னால் உதவும் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அந்தப் பணத்தில் அதே 850-ஐ ஒரு படி உயர்ந்த சீரிஸில் வாங்குங்கள் என்பதே என் பதில்.

சீசானிக் மேல் எனக்கிருப்பது பழைய பிரியம். 1975-ல் தைவானில் தொடங்கிய கம்பெனி. தன் பெயர் வெளியே தெரியாமலும் நிறையச் செய்திருக்கிறது: 2006-ல் கோர்சேர் எஸ்எம்பிஎஸ் சந்தைக்குள் நுழைந்தபோது அந்தப் பெயரை நிலைநாட்டிய எச்எக்ஸ்520, எச்எக்ஸ்620 இரண்டும் சீசானிக் கைவண்ணம். ஸ்டிக்கரில் இருக்கும் பெயரும் உள்ளே வேலை செய்தவர் பெயரும் வேறாக இருக்கும் துறை இது. அதனால் யார் செய்தது என்று கேட்பதுதான் இங்கே ரசனையின் அரிச்சுவடி. 2009-ல் வந்த எக்ஸ் சீரிஸைப் பற்றி இன்றும் ஒரு மணி நேரம் பேசுவேன். கோல்டு தரம், எல்லா கேபிளும் கழற்றி மாட்டக்கூடியது, குறைந்த சுமையில் ஃபேன் நின்றுவிடும். இன்று பெட்டிக்குப் பெட்டி இருக்கும் இந்த மூன்றும் அன்று ஒரே பெட்டியில் சேர்ந்து வந்தது அபூர்வம்.

ஓய்ந்துபோன ஒரு எக்ஸ் சீரிஸை, கெப்பாசிட்டர் முழுக்க வடிந்த பிறகு, விவரம் தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் எனக்காகத் திறந்து காட்டினார். (நீங்கள் திறக்காதீர்கள், பெரிய கெப்பாசிட்டரில் 380 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.) போர்டைத் திருப்பினால் சாலிடரிங் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு மேடு, ஒரே பளபளப்பு. பார்ட்ஸின் கால்கள் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. ஒழுகிய ஃப்ளக்ஸ் கறை எங்குமில்லை. கெப்பாசிட்டர்கள் எல்லாம் 105 டிகிரிக்கானவை, ஜப்பான் தயாரிப்பு. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. 85 டிகிரி கெப்பாசிட்டரை எங்கள் ஊர் மே மாதத்தில் கேபினட்டுக்குள் வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். ப்ரைம் காலத்துக்கு வந்தால், கேபிள் மாட்டும் பின்பலகைக்கும் மெயின் போர்டுக்கும் நடுவே ஒயரே கிடையாது. வோல்ட் 5 சதவீதம் கூடலாம் குறையலாம் என்று விதி இடம் கொடுத்த காலத்திலேயே, சீசானிக் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட எல்லை அரை சதவீதம். இந்தக் கண்டிப்பை யாரும் கேட்கவில்லை. தானாக ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளேயிருந்து ‘டிக்’ என்று சின்னச் சத்தம் வரும். தொடக்க மின்பாய்ச்சலை அடக்கிய தெர்மிஸ்டரை, வேலை முடிந்ததும் ரிலே விலக்கிவிடும் ஓசை அது. மலிவானவற்றில் பெரும்பாலும் ரிலே இருக்காது. தெர்மிஸ்டர் நாள் முழுக்கச் சூடாகிக்கொண்டே கிடக்கும். கடையில் பிசியை முதல் தடவை ஆன் செய்யும்போது எல்லோரும் மானிட்டரைப் பார்ப்பார்கள். நான் இந்த டிக்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

போட்டிக் கம்பெனியான சூப்பர் ஃப்ளவரின் ரசிகர்கள் இதைப் படித்தால் புருவம் உயர்த்துவார்கள். அவர்களுடைய லீடெக்ஸ் வடிவமைப்பு அற்புதமானது, மறுக்கவில்லை. ஈவிஜிஏவின் ஜி2 அதன் மேல் நின்றதால்தான் அத்தனை பெயர் வாங்கியது. அவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. என் மனத்தாங்கல் முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர்களோடு. 80 ப்ளஸ் முத்திரை அளப்பது முக்கியமாக மின்சிக்கனத்தை, அதுவும் 23 டிகிரியை ஒட்டிய அறை வெப்பத்தில். வோல்ட்டில் எழும் சிற்றலை, அதாவது ரிப்பிள், எவ்வளவு, ஷார்ட் ஆனால் காப்பாற்றுமா, ஃபேன் எவ்வளவு இரையும் என்று அது சொல்வதில்லை. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரை ரிப்பிளுக்கு விதி இடம் தருகிறது. நல்ல கைவேலை அதில் சிறு பங்கோடு நின்றுகொள்ளும், மோசமானது விளிம்பில் தள்ளாடும். இரண்டுக்கும் ஒரே தங்க முத்திரை கிடைக்கும். ஃபேன் நின்றுபோகும் வசதியை வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களிடமும் ஒன்று சொல்வேன்: சென்னையில் அந்தப் பொத்தானை அணைத்துவையுங்கள். மெதுவாகச் சுற்றும் ஃபேன் காதில் விழாது, கெப்பாசிட்டரைக் குளிர வைக்கும்.

தரம் இறங்குவதற்கு ஒரு உதாரணம் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. கரண்ட் போன கணத்தில் பெரிய கெப்பாசிட்டரின் சேமிப்பில் பிசி நிற்கும் நேரம் முழுச் சுமையில் 17 மில்லிசெகண்ட் இருக்க வேண்டும் என்றிருந்தது. ஏடிஎக்ஸ் 3.1 அதை 12 ஆகக் குறைத்துவிட்டது. 80 சதவீதச் சுமைக்குத்தான் இப்போது 17. மின்வெட்டு அரிதான ஊர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. நம் ஊரில் சாதாரண யூபிஎஸ் கைமாற்றிக்கொள்ளவே சில மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது, சிலது பத்து வரை போகும். எக்ஸ்போர்ட் உச்சத்தில் ஓடும்போது கரண்ட் போனால் அந்த ஐந்து மில்லிசெகண்டின் அருமை தெரியும். இதே 3.1-தான் உருகிப் பேர் கெட்டுப்போன 12விஎச்பிடபிள்யூஆர் கனெக்டருக்குப் பதிலாக 12வி-2எக்ஸ்6 கொண்டுவந்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் எடுத்திருக்க வேண்டாம்.

சென்னை ரிச்சி தெருவில் கேபினட்டோடு எஸ்எம்பிஎஸ் இலவசம் என்று தந்த காலம் நினைவிருக்கிறது. பின்புறம் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். ஸ்டிக்கரில் 450 வாட் என்றிருக்கும், கையில் எடுத்தால் காலி டப்பா கனம். ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு ஒயரை வைத்துச் சாலிடர் செய்திருப்பார்கள். அப்போதும் தேர்ந்த கடைக்காரர்கள் இருந்தார்கள். வாடிக்கையாளர் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பில் போடுவார்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று யாராவது வந்தால், எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்லாமல் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசிவை எர்த்துக்கு அனுப்பத்தான் செய்யும், எர்த் இல்லாவிட்டால் அது பாடிக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலையா சைன் அலையா என்றும் விசாரிப்பார்கள். இன்று கண்ணாடி கேபினட்டுக்குள் ஒன்பது ஃபேன் வண்ணம் மாறுகிறது. எர்த் பற்றிக் கேட்க ஆளில்லை.

ஜானி குரு போல எஸ்எம்பிஎஸ்ஸை லோடு டெஸ்டரில் மாட்டி, சூடான பெட்டிக்குள் வைத்து, ஆசிலோஸ்கோப்பில் ரிப்பிள் பார்த்து, பிறகு பிரித்துப்போட்டு எழுதிய விமர்சகர்கள் குறைந்துவிட்டார்கள். அவரே கோர்சேரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சைப்ரஸில் இருந்து சைபனெடிக்ஸ் என்ற நிறுவனம் இன்னும் முறையாகச் சோதிக்கிறது. சத்தத்துக்குத் தனித் தரமே வைத்திருக்கிறது. வாங்கும் முன் அவர்கள் அறிக்கையில் மாடலைத் தேடிப் பாருங்கள்.

எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. கல்யாண ஃபோட்டோகிராஃபர் நண்பர் ஒருவர் சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினார்கள். பழைய மாடுலர் கேபிள்களைக் கழற்றச் சோம்பல், பிளக் பொருந்துகிறதே என்று அவற்றையே புதியதில் செருகிவிட்டார்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின்களின் வரிசைக்குப் பொது விதியே கிடையாது. கம்பெனிக்கு கம்பெனி, சில சமயம் சீரிஸுக்கு சீரிஸ் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் அந்த நிமிடமே போயின. அவற்றில் இருந்தவை யாரோ ஒரு குடும்பத்தின் முகூர்த்தப் படங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு வாரண்டி உண்டு. தாலி கட்டும் கணத்துக்கு யார் வாரண்டி கொடுப்பது?

அதனால், அடுத்த பிசி போடும்போது பட்டியலின் முதல் வரியில் எஸ்எம்பிஎஸ்ஸை எழுதுங்கள். அதன் கேபிள்களை ஒரு பையில் போட்டு மாடல் பெயரை மேலே எழுதி வையுங்கள், வேறெந்த எஸ்எம்பிஎஸ்ஸிலும் செருகாதீர்கள். பில்லில் ‘850 வாட் கோல்டு’ என்று போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனி, சீரிஸ், மாடல், சீரியல் எண் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.