அம்மாச்சி போட்ட முடிச்சுகள்

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் அம்மாச்சியைத் திண்ணையில் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர். விடியலில் பறித்த மல்லிகை மொட்டுகள் ஈரத்துணியில் குவிந்து கிடக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணித் தண்ணீரில் வாழைநார் ஊறும். வீட்டுப் பெண்களின் தலைக்கு என்றால் காலை நீட்டி, கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொள்வாள். சாமிக்கு என்றால் அந்தக் கால் தானாக மடங்கிவிடும். நார் இடக்கை விரலுக்கு வந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில்லை. பூ யாருக்கு என்பதை அவள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிந்துகொள்வோம்.

அந்த விரல்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு ஒட்டி. நார் ஒரு சுற்று வரும். விரலில் ஒரு சிறு வளையம் பிறக்கும். வளையம் காம்புகளின் மேல் விழும். பிறகு ஓர் இழுப்பு. அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. கூடினால் காம்பு அறுபடும், குறைந்தால் மொட்டு உதிரும். காம்புக்கு வலிக்காத ஓர் இறுக்கம் அவளுக்கு வாய்த்திருந்தது. மதுரை மல்லி காம்பு நீண்டது, இதழ் தடித்தது, மாலையில்தான் மலரும். மொட்டாகக் கட்டும்போதே அவள் மலரின் அகலத்தைக் கணக்கில் வைத்திருப்பாள். ஆறு மணிக்குச் சரம் விரியும்போது பூக்கள் ஒன்றையொன்று இடிக்காமல், திருவிழாவுக்கு வந்த பெண்களைப் போலத் தோளோடு தோள் நிற்கும். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை வாசித்துக் காட்டினேன். தலை நிமிராமல், “பூவுக்கு எதுக்குத் தாயி பட்டா?” என்றாள்.

பூ முடிச்சு ஒரு நாள் அழகு என்றால், ஆண்டுக்கு நிற்கும் முடிச்சு ஒன்று உண்டு. பங்குனி பிறந்தால் வடுமாங்காய் வரும். காம்போடு பொறுக்கி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டு, மிளகாயும் கடுகும் இடித்துச் சேர்த்து, சீனா ஜாடியில் அடைத்த பிறகு அவள் வேடு கட்டும் காட்சி இருக்கிறதே! தாத்தாவின் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணி. அதை ஜாடியின் வாயில் விரித்து, கொசுவம் வைப்பதுபோல் சுற்றிலும் சின்னச் சின்ன மடிப்பாக அடுக்கி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் ஓர் உருவாஞ்சுருக்கு. தூக்கிக் குலுக்கினாலும் நெகிழாது. நுனியைப் பிடித்து ஒரே ஓர் இழுப்பு இழுத்தால் பூப்போல அவிழும். ஒருமுறை அவசரத்தில் நான் இறுக்கு முடிச்சாகப் போட்டுவைத்தேன். மறுநாள் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. திட்டவில்லை. “அவுக்கத் தெரியாதவ கட்டக் கூடாது தாயி” என்றாள். அவ்வளவுதான்.

முந்தானையைச் சொல்லாமல் விட்டால் அவள் கோபித்துக்கொள்வாள். அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முந்தானைதான் அவளுடைய குறிப்பேடு. நுனி முடிச்சில் காசு இருக்கும். இறுக்கமான, சின்ன, மிளகு போன்ற முடிச்சு. இடுப்பில் செருகினால் இருக்கும் இடம் தெரியாது. அதற்கு மேலே சில நாள் வெறும் முடிச்சுகள் விழும். உள்ளே ஒன்றும் இருக்காது. பால்காரருக்குப் பாக்கி என்றால் ஒன்று, வெள்ளிக்கிழமைக்குள் மாவு அரைக்க வேண்டும் என்றால் ஒன்று. வேலை முடிந்த கையோடு அதை அவிழ்த்து, துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிடுவாள். அந்த நீவலில் ஒரு நிம்மதி தெரியும். ராத்திரி படுக்கப் போகும்போது முந்தானை சமமாக இருந்தால் வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று அர்த்தம்.

பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள். ஐந்து பிள்ளைகள், பதினொரு பேரப்பிள்ளைகள். அத்தனை பேரும் அவள் கட்டிய தொட்டிலில் கிடந்தவர்கள். நைந்து மெத்தென்றாகிவிட்ட சேலையை உத்தரத்தில் இரண்டாக மடித்துப் போட்டு, முடிச்சிட்டு, துணி ஒட்டிக்கொள்ளாமல் குறுக்கே ஒரு கம்பு செருகுவாள். தரையிலிருந்து அது தொங்கும் உயரத்தைக் கவனியுங்கள்: அவள் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கை எட்டும் உயரம். கீரை ஆய்ந்துகொண்டே ஆட்டலாம். பிள்ளையைப் போடுவதற்கு முன் அம்மிக்குழவியைக் கிடத்தி நாலு ஆட்டு ஆட்டிப் பார்ப்பாள். கல் அசையாமல் தூங்கினால்தான் பிள்ளைக்கு அனுமதி.

தொட்டிலாகும் சேலைகள் பெரும்பாலும் சுங்குடி. சௌராஷ்டிரர்கள் மதுரையில் வளர்த்தெடுத்த கலை அது. துணியை நகநுனியால் துளித்துளியாகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்குவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. கடையில் அம்மாச்சி புதுச்சேலையைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பதுதான் அதிகம். புள்ளிகள் மொடமொடவென்று குத்திட்டு நின்றால் முடிச்சு, வழுவழுவென்றிருந்தால் அச்சு. முடிச்சைத் தொட்டுவிட்டால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். யாரோ ஒருத்தி உட்கார்ந்து கட்டியிருக்கிறாள் என்று இன்னொருத்திக்குத் தெரிந்துவிட்ட வெளிச்சம். முடிச்சு இருக்கும்வரை சுங்குடியில் புள்ளி தெரியாது. நூலை உருவிய பிறகுதான் சாயம் படாத இடம் வெள்ளையாகப் பூக்கும்.

போன ஆடியில் அம்மாச்சி போய்விட்டாள். பங்கு பிரிக்கையில் நாவல்பழ நிறச் சுங்குடி ஒன்று எனக்கு வந்தது. பலமுறை துவைத்துக் குத்தல் எல்லாம் படிந்துபோயிருந்தது. புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன. என் மகளுக்கு அதில்தான் தொட்டில் கட்டினேன். அடுக்குமாடி வீட்டில் உத்தரம் இல்லை, இரும்புக் கொக்கிதான். அம்மிக்குழவியும் இல்லை. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கிடத்தி நாலு ஆட்டு ஆட்டிப் பார்த்தேன். முடிச்சு நின்றது.